உப்புக் கணக்கு

உப்பு விஷயத்தில் என் மனைவியிடம் எனக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. குழம்பு கொதித்துக் கொண்டிருக்கும்போது அடுப்படிப் பக்கம் வந்து மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "கொஞ்சம் குறைச்சல்" என்பாள். நாக்கில் விட்டுப் பார்ப்பதில்லை. உப்புக்கு வாசனையே கிடையாதே, பின் எப்படித் தெரிகிறது என்று நாற்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். "தெரியுது, அவ்வளவுதான்" என்பதற்கு மேல் பதில் கிடைத்ததில்லை. ஊடல் என்பது உணவில் உப்பைப் போல அளவாக இருக்க வேண்டும், சற்று நீண்டாலும் உப்பு மிகுந்தாற்போல ஆகிவிடும் என்று வள்ளுவர் காமத்துப்பாலில் சொல்லி வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் வாசுகி அம்மையார் மூக்காலேதான் உப்புப் பார்த்தாரோ என்னவோ.

ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது குழம்புக்கு உப்புப் போடுவதைப் பற்றி அல்ல. 72,000 லிட்டர் தண்ணீருக்கு உப்புப் போட்டுவிட்டு, அந்த உப்பைக் காணோம் என்று தேடிய கதை.

நாங்கள் பூந்தமல்லியில், ஆவடிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பூவிருந்தவல்லி என்ற பெயர்தான் வாயில் தேய்ந்து பூந்தமல்லி ஆயிற்று. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே பூந்தோட்டம் வைத்து, அந்தப் பூவை எடுத்துக்கொண்டு நாள்தோறும் காஞ்சீபுரம் போய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்துவாராம். இப்போது ஊரில் பூந்தோட்டம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தைக் கட்டியவர்களுக்கு யாரோ ஸ்தல புராணம் சொல்லியிருக்க வேண்டும். நீச்சல் குளத்தின் மேற்குக் கரை ஓரமாக ஒரு பாத்தி மல்லிகை வைத்திருந்தார்கள். இந்த மல்லிகையை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சாட்சி சொல்ல வரும்.

குளம் பெரியதல்ல. 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 72,000 லிட்டர். இது உப்புநீர்க் குளம். இப்படிச் சொன்னதும், சமுத்திரத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்களா என்று என் மைத்துனர் கேட்டார். அப்படி இல்லை. சமுத்திரத்தில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தக் குளத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, மூன்றரை கிராம் போதும். நம் கண்ணீரில்கூட இதைப்போல இரண்டரை மடங்கு உப்பு உண்டு. அதனால் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாலும் எரிவதில்லை.

உப்பு நேராகத் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. குளத்துத் தண்ணீர் ஒரு பெட்டிக்குள் போய் வருகிறது. பெட்டிக்குள்ளே டைட்டானியம் தகடுகள். அவற்றில் மின்சாரம் பாயும்போது, உப்பில் இருக்கும் குளோரைடு குளோரினாக மாறிக் கிருமிகளைக் கொல்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி உப்பாகவே தண்ணீருக்குத் திரும்பி விடுகிறது. ஆகவே போட்ட உப்பு செலவாவதில்லை. குளிப்பவர்கள் உடம்போடு கொஞ்சம் போகும், வடிகட்டியைக் கழுவும்போது கொஞ்சம் போகும், மழை பெய்து வழிந்தால் போகும். எங்கள் குளத்துக்கு முதலில் 25 கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை போட்டார்கள். அயோடின் சேர்க்காத தூத்துக்குடி உப்பு. அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டை போட்டால் போதும். லிட்டருக்கு மூன்று கிராமுக்குக் கீழே இறங்கினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். குளோரின் உண்டாவது நின்று போய், கோடையில் இரண்டு மூன்று நாளிலேயே தண்ணீர் பச்சை பூத்துவிடும். அதிகம் போட்டாலும் ஆபத்துத்தான். தகடுகள் சீக்கிரம் தேயும். குளத்தில் இறங்கும் இரும்பு ஏணி துருப்பிடிக்கும். போட்டுவிட்ட உப்பை எடுக்கவும் வழி இல்லை, பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டியதுதான். குழம்பிலாவது உருளைக்கிழங்கை நறுக்கிப் போடலாம்.

இதெல்லாம் ஒரு கதாசிரியனுக்கு எப்படித் தெரியும் என்றால், நான் குடியிருப்போர் சங்கத்தின் பொக்கிஷதார். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாத பதவி. அத்துடன், எழுதத் தெரிந்தவன் என்பதால் கூட்டக் குறிப்புகளை எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. இந்த இரண்டாவது பொறுப்பினால்தான் வினை வந்தது.

குளத்தைக் கவனித்துக்கொள்ள ஓர் இளைஞன் இருந்தான். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது. தூத்துக்குடிப் பக்கம். அவனுடைய தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். அவனும் பள்ளிக்கூட விடுமுறைகளில் அளத்தில் உப்பு வாரியிருக்கிறான். விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்று சொல்வான். காலில் ஒரு சின்னக் காயம் இருந்தாலும் அளத்துக்குள் இறங்கி நிற்க முடியாதாம். ராஜம் கிருஷ்ணன் 1979-இல் எழுதிய 'கரிப்பு மணிகள்' அந்த ஜனங்களைப் பற்றிய நாவல்தான். நான் அதைப் படித்திருக்கிறேன். ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதைப் பாராட்டி அரை மணி நேரம் பேசியும் இருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

அவனிடம் ஒரு வழக்கம். மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பான்.

"மீட்டர் இருக்கும்போது நாக்கு எதுக்குத் தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மீட்டருக்கு உப்புத் தெரியாது ஐயா. தண்ணிக்குள்ள கரண்ட் எவ்வளவு போவுதுன்னு பாத்துத்தான் நம்பர் சொல்லுது. உங்க போர் தண்ணில சுண்ணாம்பு எவ்வளவு இருக்கு! அதையும் சேத்து உப்புன்னு சொல்லிப்புடும்."

இந்தப் பக்கத்துத் தண்ணீரின் மகிமை அப்படி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கே போனாலும், வீட்டுக் குழாய்களின் வாயில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்க்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தகடுகளிலும் அதே வெள்ளை படியும். அவன் மாதம் ஒரு முறை தகடுகளைக் கழற்றி, நீர்த்த அமிலத்தில் அலசி மாட்டுவான்.

2023-ஆம் வருஷம் ஏப்ரலில் தகராறு ஆரம்பித்தது. மீட்டர் இறங்கியது. ஒரு மூட்டை போட்டான். பத்து நாளில் மறுபடி இறங்கியது. தகட்டில் வெள்ளை படிந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும் என்று காரியதரிசி சொன்னார். கழுவிப் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. மே மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, இரண்டு மாதத்தில் ஐந்து மூட்டை வாங்கியிருந்தோம். மீட்டரோ மூன்றுக்குக் கீழே நின்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. அக்கினி நட்சத்திரக் கொதிப்பு தணியாத நேரம். எல்லாருக்கும் கோபம் சுலபமாக வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் கடின நீரை மென்னீராக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், அதற்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும், நம் மூட்டைகள் மதில் தாண்டி அங்கே போகின்றன என்று ஒருவர் சொன்னார். பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை, ஆனால் வேறு எங்கே போகும் என்றார். இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால் அதுவே சாட்சியம் ஆகிவிட்டது.

பையனைக் கூப்பிட்டார்கள். வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"போட்ட உப்பு எங்கேப்பா?"

"தண்ணி எங்கேயோ போவுது சார். காலைல வந்தா ரெண்டு சென்டிமீட்டர் கீழ நிக்குது. நான் டெய்லி போர் தண்ணி விடுதேன்."

"மே மாசத்திலே தண்ணி குறையாம என்ன செய்யும்? ஆவியாப் போகும்."

"தண்ணி ஆவியாப் போவும் சார். உப்பு போவாதே. போச்சுன்னா எங்க ஊர்ல அளம் ஏது?"

அந்த அறையில் மூன்று எஞ்சினீயர்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். நான் இருந்தேன். யாரோ சிரித்தார்கள். வாய் ரொம்ப நீளம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் லிஃப்ட் ரிப்பேர் விஷயம் வந்துவிட்டது. வழக்கமான ஒரு மூட்டை போக, மிச்சம் நாலு மூட்டையின் விலை ஆயிரத்து நானூறு ரூபாயை அவன் சம்பளத்தில் பிடிப்பது, மாத முடிவில் வேறு ஆள் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். திருட்டு என்ற வார்த்தையை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. யோசித்து, "உப்பு மூட்டைகளின் இருப்பில் காணப்படும் வேறுபாட்டை முன்னிட்டு" என்று எழுதினேன். கண்ணியமான வாக்கியம் என்று எனக்குள் ஒரு திருப்தி ஏற்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கீழே கையெழுத்தும் போட்டேன். உப்பளத்து நாவலைப் பற்றி அரை மணி நேரம் பேசியவனுக்கு, உப்பளத்துப் பிள்ளை எதிரில் நின்றபோது ஒரு வாக்கியம் பேச வாய் எழவில்லை.

அன்று இரவு ரசம் கரித்தது. என் மனைவியின் கை தவறியதாகச் சரித்திரமே இல்லை. அதனால் கேட்டுவிட்டேன்.

"டெலிபோன் வந்துச்சு. அடுப்பிலே வச்சதை மறந்துட்டேன். பாதியா வத்திப் போச்சு. வத்தினா உப்புக் கூடத்தானே செய்யும்?" என்றாள்.

கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. வற்றினால் உப்புக் கூடும். வற்றியதற்குச் சரியாகத் தண்ணீர் விட்டால் பழைய அளவுக்கு வரும். எத்தனை நாள் வற்றினாலும், எத்தனை தடவை தண்ணீர் விட்டாலும் உப்புக் குறைய வழியே கிடையாது. குறைகிறது என்றால், உப்பைத் தன்னோடு கூட்டிக்கொண்டு தண்ணீர் எங்கேயோ வெளியேறுகிறது என்று அர்த்தம். இதைத்தான் அவன் சொன்னான். ஊர் முழுக்கப் பாத்தி கட்டி, கடல் தண்ணீரை விட்டு, வெயிலில் வற்ற வைத்து உப்பெடுக்கிறவர்களின் பிள்ளை சொன்னான். ஆறாம் வகுப்புப் பாடம். நாங்கள் எல்லாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டி ரொம்பத் தூரம் வந்துவிட்டோம்.

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் கீழே இறங்கிப் போனேன். மோட்டார் அறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து நின்றான். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"தம்பி, தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

ஏன் இப்போது கேட்கிறீர்கள் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்தான். குளத்துத் தண்ணீரையே அதில் மொண்டு, படியின் மேல், பாதி வாளி குளத்துக்குள் முழுகியிருக்கும்படி வைத்தான். ஒரு கல்லைப் போட்டு அசையாமல் நிறுத்தினான். வாளிக்குள் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. மோட்டாரை நிறுத்தி, யாரும் இறங்கக் கூடாது என்று பலகை வைத்தான்.

"வெயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. வாளில எவ்வளவு குறையுதோ அதுதான் ஆவி. அதுக்கு மேல குளத்துல குறைஞ்சா அது ஒழுக்கு."

இருபத்து நாலு மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். வாளியில் ஏழு மில்லிமீட்டர். குளத்தில் பத்தொன்பது. நடுவில் இருக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர், குளத்தின் பரப்புக்கு 720 லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு மூன்று கிராம் வைத்தாலும் நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு. பன்னிரண்டு நாளைக்கு ஒரு மூட்டை. இரண்டு மாதத்துக்கு ஐந்து மூட்டை. கணக்கு ஒரு கைப்பிடிகூடப் பிசகாமல் வந்து நின்றது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அவன் சாயம் கேட்டான். என்னிடம் பவுண்டன் பேனா மை ஒரு புட்டி இருந்தது. ஓர் ஊசிக் குழாயில் மையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். அலை அடங்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, குழாய் வாய், வடிகால், ஓடுகளின் இடுக்கு என்று ஒவ்வோர் இடமாக ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். மை புகையைப் போலக் கலைந்து போயிற்று. மேற்குச் சுவரில் தண்ணீருக்கடியில் விளக்குப் பொருத்தியிருக்கும் குழியருகே விட்ட சொட்டு மட்டும் கலையவில்லை. நூலாக நீண்டு விளக்கின் விளிம்புக்குள் போய் மறைந்தது. மறுபடி ஒரு சொட்டு விட்டான். அதுவும் போயிற்று.

அவன் நிமிர்ந்து, கரைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். மல்லிகைப் பாத்தி. ஒரு மாதமாக அந்தச் செடிகள் இலையோரம் கருகி நின்றன. வெயில் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். தோட்டக்காரர் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். நல்ல வெயிலில் மொட்டு வைக்கிற செடி அது, வெயிலுக்கா கருகும்? விளக்குக்கு ஒயர் போகும் குழாய் அந்தப் பாத்தியின் கீழேதான் ஓடுகிறது. மண்ணைக் கொஞ்சம் கிளறினான். ஈரமாக இருந்தது. ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான்.

பின்னால் ரிப்பேர் செய்ய வந்தவர் ஒரு காரணம் சொன்னார். 2019-இல் பட்டணமே தண்ணீருக்குத் தவித்தது. செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 50 டாங்கி வண்டிகள், 25 லட்சம் லிட்டர். அந்த வருஷம் நாங்களும் வெட்கத்துக்கு அஞ்சிக் குளத்தைக் காலியாக வைத்திருந்தோம். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்ததில், விளக்கைச் சுற்றி அடைத்திருந்த பூச்சு அப்போதே வெடிப்பு விட்டிருக்கும், நாளாவட்டத்தில் விரிந்திருக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். இருக்கலாம். குற்றத்தை ஒரு பஞ்சத்தின் மேல் போடுவதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி ஏற்பட்டது.

கமிட்டி மறுபடி கூடியது. முக்கால் மணி நேரம் ரிப்பேர்ச் செலவைப் பற்றிப் பேசினார்கள். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மனிதர்கள் கெட்டவர்கள் அல்ல. அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுத வேண்டும் என்றும் சொன்னேன்.

காரியதரிசி பழைய குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். "எதுக்கு சார் மன்னிப்பு? நாம திருட்டுன்னு எங்கேயும் எழுதலையே. நீங்கதான் ரொம்ப நாசூக்கா எழுதியிருக்கீங்களே!" என்றார், என்னைப் பாராட்டுகிற பாவனையில்.

எழுதியிருந்தால் அடிக்கலாம். எழுதாததை எப்படி அடிப்பது? நாலு பேர் நடுவில் வாயால் சொன்ன சொல், காகிதத்தில் இல்லை என்ற பலத்தில் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் "இருப்பு வேறுபாடு நேர்செய்யப்பட்டது" என்று எழுதினேன்.

பணத்தை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்தான். "தம்பி, நான் அன்னிக்குப் பேசியிருக்கணும்" என்றேன். "பரவாயில்ல ஐயா" என்றான். அந்தப் பரவாயில்லை எப்படிப்பட்ட பரவாயில்லை என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. வேறு ஆள் பார்க்கும் தீர்மானத்தை ரத்து செய்திருந்தோம். ஆனால் ஜூலையில் அவனே விலகிக்கொண்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஹோட்டலில், இதைவிடப் பெரிய குளத்துக்கு ஆள் கேட்டார்கள் என்றான்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் விடாத மழை. குளம் நிரம்பி வழிந்து, கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரோடு கலந்துவிட்டது. மின்சாரம் இல்லை. டெலிபோன் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதலில் வந்த அழைப்புகளில் ஒன்று அவனுடையது. சௌக்கியம் விசாரித்தான். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று என் மனைவியைக் கேட்டான். பிறகு, "குளத்துல எவ்வளவு காட்டுது ஐயா?" என்றான்.

கரண்ட் வந்த பிறகு பார்த்துச் சொன்னேன். "இரண்டரை."

"மூணு மூட்டை போடணும். ஒரே இடத்துல கொட்டச் சொல்லாதீங்க. மோட்டாரை ஓட விட்டுட்டு, கரையைச் சுத்தித் தூவிக்கிட்டே வரணும். அடியில தங்கினதைத் துடைப்பத்தால கலைச்சு விடச் சொல்லுங்க. ஒரு நாள் கழிச்சு மீட்டரைப் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினான். "பில்லை வாங்கி வச்சுக்கிடுங்க ஐயா."

மூன்று மூட்டை வாங்கினோம். புது ஆள் போட்டான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மழை என்றால் எல்லாருக்கும் புரிகிறது.

இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில், தூத்துக்குடிச் சீமையில் மழை கொட்டித் தீர்த்தது. இந்தத் தடவை நான் கூப்பிட்டேன். மூன்று நாள் லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவன் ஊரில்தான் இருந்தான். அம்மா பத்திரமாக இருக்கிறார், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்தது, கரையில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று என்றான்.

"எவ்வளவு போயிருக்கும்?"

"அது முதலாளி கணக்கு ஐயா. எங்களுக்கு வேலைதான் கணக்கு. அளத்துல சேறும் தண்ணியுமா நிக்கி. தை பொறந்தா பாத்தி சீர் பண்ண எறங்கணும். இந்த வருசம் எப்ப எறங்குவாங்களோ, தெரியல."

ஹோட்டலுக்கு எப்போது திரும்புகிறாய் என்று கேட்டேன். அம்மையை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வர வேண்டும் என்றான். ஏதாவது பணம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அனுப்புங்க ஐயா. ஆயிரத்து நானூறு அனுப்புங்க. சம்பளம் வந்ததும் தந்துருதேன்."

அனுப்பினேன். பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.